ஓய்வு கைக்குத்தான்... உடம்புக்கு அல்ல!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்தான். வயது இருபத்து மூன்று. சொந்த ஊர் செய்யாறு பக்கம். ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து ரூமுக்குத் திரும்பும்போது ரோட்டோர ஜல்லியில் பைக் சறுக்கி, வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறான். மணிக்கட்டில் முறிவு. மாவுக்கட்டு போட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது.

"ரெண்டு வருஷமா போலீஸ் செலக்‌ஷனுக்கு உடம்பைத் தேத்திக்கிட்டு இருந்தேன் சார். ஓட்டம், தாண்டறது எல்லாம் வந்துடும். கயிறு ஏறணுமே... எல்லாம் போச்சு சார்!" என்று சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

"கட்டுப் போட்ட டாக்டர் என்னப்பா சொன்னார்?"

"ரெஸ்ட் எடுன்னார் சார்."

"நீ என்ன பண்றே?"

"படுத்திருக்கேன் சார்."

"ஜிம் மாஸ்டர்?"

"அவர், 'கட்டைப் பிரிச்சதும் வா தம்பி, ஒரே மாசத்துல பழையபடி ஏத்திடலாம்'னாரு."

வாசகர்களே, எனக்கு ஆதங்கம் இங்கேதான். டாக்டர் சொன்னது தப்பில்லை. ஆனால் அது பாதி வாக்கியம். 'கைக்கு ரெஸ்ட்' என்று அவர் சொன்னதை இவன் 'உடம்புக்கு ரெஸ்ட்' என்று எடுத்துக்கொண்டான். ஜிம் மாஸ்டர் சொன்னதோ அதைவிட ஆபத்து. ஆறு வாரம் கட்டுக்குள் இருந்த கையை ஒரே மாதத்தில் பழைய எடைக்கு ஏற்றினால் அது மறுபடியும் கட்டுக்குத்தான் போகும்.

முறிந்தது ஒரு மணிக்கட்டு. அதற்காக இரண்டு தொடை, இடுப்பு, முதுகு, வயிறு, நல்ல கை எல்லாவற்றுக்கும் தண்டனை கொடுப்பது என்ன நியாயம்?

எத்தனை கைகள்!

இந்தப் பகுதியில் இது ஒருவன் கதை அல்ல. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட் நிஸ்ஸான் ஆலை வந்தது. அவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கில் உதிரிபாகக் கம்பெனிகள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை சாயங்காலம் ஷிப்ட் பஸ்களைப் பாருங்கள். அத்தனை பேரும் இருபது, இருபத்தைந்து வயசுப் பிள்ளைகள். அத்தனை பேருக்கும் முதலீடு இரண்டு கைதான்.

அந்தக் கைக்கு வரும் கேடுகளும் பலவிதம். பிரஸ் மிஷினில் விரல் நசுங்குவது ஒன்று. வாகன உதிரிபாகத் தொழிலில் நடக்கும் இப்படிப்பட்ட விபத்துகளைப் பற்றி 'சேஃப் இன் இந்தியா' என்ற அமைப்பு 2019 முதல் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. பவர் பிரஸ்தான் அதில் பெரிய வில்லன். அடுத்தது ரோடு. பைக்கில் விழுந்து கை ஊன்றி மணிக்கட்டு முறிவது. மூன்றாவது சத்தமில்லாமல் வருவது. நாள் முழுக்க ஸ்க்ரூ முடுக்கும் பெண்களுக்கு முழங்கையின் வெளிப்பக்கம் வலி. தலைக்கு மேல் கையைத் தூக்கியே வேலை பார்ப்பவர்களுக்குத் தோள் வலி.

இவர்களில் பலர் சாயங்காலம் ஜிம்முக்கும் போகிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அடிபட்டதும் இரண்டே வழிதான் தெரிகிறது. ஒன்று, அடியோடு நிறுத்திவிடுவது. இல்லையென்றால், வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு தூக்குவது. இரண்டுக்கும் நடுவே ஒரு ராஜபாட்டை இருக்கிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நல்ல கை செய்யும் உபகாரம்

1894-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்க்ரிப்ச்சர் என்ற உளவியல் அறிஞர் ஒரு சோதனை செய்தார். ஒரு கைக்கு மட்டும் பிடிப் பயிற்சி கொடுத்தார். பயிற்சியே செய்யாத மறு கையிலும் பலம் கூடியிருந்தது! மந்திரமில்லை. பலம் என்பது சதையில் மட்டும் இல்லை. மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்து போகும் கட்டளையிலும் இருக்கிறது. ஒரு கையை வருத்திப் பழக்கும்போது அந்தக் கட்டளைப் பாதை மறு பக்கத்துக்கும் கொஞ்சம் கூர்மையாகிறது.

பிற்காலத்தில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், சும்மா இருந்த கைக்குக் கிடைக்கும் லாபம் சராசரியாகச் சுமார் பத்து சதவீதம். கொஞ்சம்தானே என்கிறீர்களா? கட்டுக்குள் கிடக்கும் கை இரண்டு வாரத்திலேயே பலம் இழக்கத் தொடங்கிவிடும். இழக்காமல் பிடித்து வைப்பதே லாபம்தான். 2013-ல் வெளியான ஒரு கனடா நாட்டு ஆய்வில், மணிக்கட்டு முறிந்த 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஒரு பிரிவினருக்கு நல்ல கைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பன்னிரண்டாவது வாரத்தில் அவர்களுடைய முறிந்த கையின் பிடியும் அசைவும் மற்றவர்களைவிட நன்றாக இருந்தன. ஐம்பது வயது அம்மாவுக்குப் பலித்தது, இருபத்து மூன்று வயசுத் தம்பிக்கும் முயன்று பார்க்கத் தக்கதுதானே?

ஹங்கேரி நாட்டில் கரோலி டகாக்ஸ் என்று ஒரு ராணுவ வீரர். பிஸ்டல் சுடுவதில் கெட்டிக்காரர். 1938-ல் கையெறி குண்டு வெடித்து வலது கை போயிற்று. மனிதர் முடங்கவில்லை. யாருக்கும் தெரியாமல் இடது கையால் சுட்டுப் பழகினார். 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் தங்கம்!

நம் நாட்டு நீரஜ் சோப்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஈட்டி எறியும் கையின் முழங்கையில் 2019 மே மாதம் ஆபரேஷன். அந்த சீசன் முழுக்கப் போட்டி இல்லை. 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் 87.86 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் தகுதி பெற்றார். 2021-ல் டோக்கியோவில் தங்கம். கணக்குப் போடுங்கள்: எட்டு மாதம்! கூடவே டாக்டர்களும் பயிற்சியாளர்களும் இருக்கும் ஒரு வீரருக்கே எட்டு மாதம் என்றால், ஒரே மாதத்தில் ஏற்றிவிடலாம் என்று சொல்பவரை என்னவென்று சொல்வது?

எங்கள் பக்கத்துத் தப்பு

மற்றவர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நான் நழுவக் கூடாது. சித்த மருத்துவத்தில் புற மருத்துவம் முப்பத்திரண்டு. அதில் கொம்பு கட்டல் ஒன்று. முறிந்த இடத்தை அசையாமல் நிறுத்துவது. தொக்கணம் ஒன்று, எண்ணெய் போட்டு நீவிப் பிடிப்பது. இரண்டும் வேறு வேறு சிகிச்சை, வேறு வேறு காலத்துக்கு உரியவை. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த நாளில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், கட்டுப் போட்டால் நோயாளியின் முகத்தைப் பார்க்காதே, நகத்தைப் பார் என்பதுதான்.

இன்று நடப்பது என்ன? விழுந்த அன்றைக்கே எண்ணெயை ஊற்றி அழுத்தி நீவி விடுகிறார்கள். எக்ஸ்ரே கிடையாது. முழங்கையில் அடிபட்டவுடன் இப்படி நீவினால் சதைக்குள்ளேயே எலும்பு மாதிரி கெட்டிப்பட்டு, மூட்டு மடங்காமல் போய்விடலாம். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, கை கொக்கி போல வளைந்து வாழ்நாள் முழுக்க அப்படியே நின்றுவிடும். ஜெர்மனியின் வோல்க்மன் என்ற மருத்துவர் இதை 1881-லேயே விவரித்து எழுதிவிட்டார். நம் தெருக்களில் இன்னும் நின்றபாடில்லை.

ஆகவே சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: அடிபட்ட கைக்கு முதலில் எக்ஸ்ரே. கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுப் பள்ளத்தில் அழுத்தினால் வலிக்கிறதா? முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் அங்கே உள்ள சின்ன எலும்பில் கீறல் இருக்கலாம். இரண்டு வாரத்துக்குள் மறுபடி காட்டுங்கள். கட்டுப் போட்ட பிறகு விரல் நீலமாகிறதா, ஜில்லென்று மரத்துப்போகிறதா, விரலை நீட்டினால் உயிர் போகிற வலியா... விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடிக் கட்டைத் தளர்த்த வேண்டும்.

எண்ணெய்க்கு வேலை உண்டு. அது கட்டுப் பிரித்த பிறகு, இறுகிப்போன சதையை இளக்க. பிரண்டைத் துவையல் சாப்பிடுங்கள், நல்லது. ஆனால் பிரண்டை மட்டுமே எலும்பை ஒட்டவைத்துவிடும் என்று நம்பிக் கட்டை அவிழ்க்காதீர்கள்.

கட்டு இருக்கும்போது என்ன செய்யலாம்?

அந்தத் தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். ஆபரேஷன் செய்து, நாம் பேச்சில் 'நரம்பு' என்கிற தசைநாணைத் தைத்திருந்தால் இது பொருந்தாது. அவர்கள் தைத்த டாக்டர் சொல்படிதான் விரலைக்கூட அசைக்க வேண்டும். மற்றவர்களும் கட்டுப் போட்ட டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 'ரெஸ்ட் எடுக்கட்டுமா?' என்று கேட்காதீர்கள். 'எதையெல்லாம் அசைக்கலாம், எதை அசைக்கக் கூடாது?' என்று கேளுங்கள். கேள்வியைச் சரியாகக் கேட்டால் பதிலும் சரியாக வரும்.

கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களை விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்குப் பத்து தடவை மடக்கி நீட்டுங்கள். தோளைத் தலைக்கு மேல் தூக்கி இறக்குங்கள். மணிக்கட்டு முறிவில் பலருக்குப் பின்னால் வரும் தொல்லை மணிக்கட்டில் இல்லை, அசைக்காமல் வைத்து இறுகிப்போன தோளில்!

காலுக்குப் பஸ்கி. நம் தாத்தாக்கள் போட்ட அதே பஸ்கிதான். பதினைந்து வீதம் மூன்று தடவை. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே உட்கார்ந்த மாதிரி முப்பது விநாடி. குதிகால் தூக்கி இறக்குவது இருபது. தோளில் பாரம் வைத்துப் பஸ்கி வேண்டாம், பிடிக்கக் கை இல்லை. ரோட்டில் ஓட்டமும் கயிறு தாண்டுவதும் வேண்டாம். இன்னொரு தடவை விழுந்தால் தாங்காது. வேக நடை போதும்.

நல்ல கைக்கு வாரம் மூன்று நாள். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் ஒரு கிலோ. மணல் நிரப்பினால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். இரண்டு மூன்று பாட்டில்களைப் பையில் போட்டுத் தூக்குங்கள். எட்டு முதல் பத்து தடவைக்கு மேல் முடியாது என்கிற அளவுக்குப் பாரம் இருக்க வேண்டும். சும்மா ஆட்டினால் மறு கைக்குப் போய்ச் சேராது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கக் கூடாது.

முட்டை, வேர்க்கடலை, பருப்பு, சுண்டல், இவற்றில் ஏதாவது மூன்று வேளையும் இலையில் இருக்கட்டும். சிகரெட், பீடி எலும்பு கூடுவதைத் தாமதமாக்கும். கட்டு உள்ளவரையாவது விடுங்கள். அப்படியே விட்டுவிட்டால் இன்னும் சந்தோஷம்.

கட்டுப் பிரித்த பிறகு

இங்கேதான் அவசரக்காரர்கள் கோட்டை விடுகிறார்கள். கட்டைப் பிரித்துவிட்டால் எலும்பு பழைய பலத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரிய பாரம் தாங்க மூன்று மாதமாவது வேண்டும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து மேலும் கீழும் அசைப்பது. பிறகு ஈரத் துணியைப் பிழிவது. அதற்குப் பிறகு அரைக் கிலோ. தண்டால் போட ஆசையா? முதலில் சுவரில் கை வைத்து. அடுத்து மேஜையில். அடுத்து முட்டி போட்டு. கடைசியில்தான் தரையில். ஒவ்வொரு படிக்கும் சுமார் இரண்டு வாரம். கர்லாக்கட்டையும் கயிறும் எல்லாவற்றுக்கும் கடைசி.

படி ஏறலாமா என்று எப்படித் தெரியும்? வலிக்குப் பத்து மார்க் என்று வையுங்கள். பயிற்சியின்போது மூன்று மார்க் வரை வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை அந்த வலி அடங்கியிருந்தால் தொடரலாம். அடங்காமல் வீங்கியிருந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். அதில் வெட்கம் எதுவுமில்லை.

முழங்கை வலிக்காரப் பெண்களுக்கும் இதே சூத்திரம்தான். அது 'டென்னிஸ் எல்போ' என்பார்கள். டென்னிஸ் மட்டையைக் கண்ணால் பார்க்காதவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது! உள்ளங்கை கீழே பார்க்கும்படி வாளியைத் தூக்காதீர்கள். மேலே பார்க்கும்படி, உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். அரை லிட்டர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெல்ல மெல்லக் கீழே இறக்கும் பயிற்சி நல்லது. குணமாக மாதங்கள் ஆகலாம். வீட்டில் உள்ள ஆம்பிளைகளே, அந்த மூன்று மாதம் துணி பிழிவதும் மாவு பிசைவதும் உங்கள் வேலை. இதைவிட நல்ல சிகிச்சையை நான் எழுதித் தர முடியாது.

கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

அடிபட்ட பையனை நாம் இரண்டு விதமாகக் கெடுக்கிறோம். ஒன்று, 'கை சரியானதும் வா' என்று அனுப்பிவிடுவது. கான்ட்ராக்ட் பையனுக்குத் தெரியும், திரும்பி வரும்போது அந்த இடத்தில் வேறொருவன் நிற்பான் என்று. அதனால் அவன் அடிபட்டதையே மறைக்கிறான். இரண்டாவது, கட்டைப் பிரித்த மறுநாளே பழைய லைனில் நிறுத்துவது. ஒரு கையை வைத்துச் செய்யக்கூடிய வேலை எந்த ஆலையில் இல்லை? தரம் பார்ப்பது, கணக்கு எழுதுவது, பாகங்களை எண்ணுவது... ஆறு வாரம் அங்கே உட்கார வைத்து, படிப்படியாக லைனுக்குக் கொண்டுவந்தால் ஆலைக்கு ஒரு தேர்ந்த கை மிச்சம்.

தொழிலாளித் தம்பிகளே, தங்கைகளே, நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் வேலை விபத்தில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் தற்காலிக ஊனப் பலனாகப் பெற வழி இருக்கிறது. 2010-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும், நேரமும் பாதையும் பொருந்தினால், வேலை விபத்தாகவே கொள்ளப்படும். நைட் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் விழுந்த நம் தம்பிக்கு இது தெரியவே தெரியாது! 'யார் கிட்டயும் சொல்லலை சார், சொந்த வண்டிதானேன்னு விட்டுட்டேன்' என்றான். அன்றைக்கு நான் அவனுக்குக் கொடுத்த முதல் மருந்து, 'நாளைக்குக் காலையிலேயே போய் விபத்தை எழுத்தில் பதிவு பண்ணு' என்பதுதான். பணக் கவலை குறைந்தால்தான் கையை அவசரப்படுத்த மாட்டான்.

கயிறு காத்திருக்கும்

கட்டுப் பிரித்த பிறகு தம்பி மறுபடி வந்தான். வலது முன்கை இளைத்துத்தான் இருந்தது. அதில் ஆச்சரியமில்லை. ஆனால் காலும் இடுப்பும் அப்படியே இருந்தன. முகத்தில் பழைய களை. "சார், பஸ்கி ஐம்பதுக்கு வந்துட்டேன்!" என்றான். இரண்டு மாதம் கழித்து மேஜைத் தண்டால் வரைக்கும் வந்திருக்கிறான்.

"கயிறு எப்போ சார்?"

"உன் ரூம்ல இருபது லிட்டர் தண்ணி கேன் இருக்கில்ல? அதை வலது கையால தூக்கிட்டு மாடிப்படி ஏறி, மறுநாள் காலையில வலி இல்லாம எழுந்து வா. அப்புறம் எலும்பு டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு, கயிறைத் தொடு."

"அதுக்குள்ள இந்தத் தடவை செலக்‌ஷன் வந்துட்டா?"

"அடுத்த தடவை ஏறு. கயிறு எங்கேயும் போயிடாது தம்பி. கை போனா வராது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு தலையாட்டினான்.

உங்கள் வீட்டிலும் யாராவது கையில் கட்டோடு படுத்திருக்கிறார்களா? ஆறுதல் சொல்லி ஜூஸ் கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, இன்று சாயங்காலமே அவரை எழுப்பி நிற்க வைத்துப் பத்து பஸ்கி போடச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று நீங்களும் போடுங்கள். உங்களுக்கும் நல்லதுதான்!